காலைக் குளிரில் எம்சிஎச்சி (செங்குழியங்களில் ஈமோகுளோபின் செறிவு) 37க்கு மேல்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். நுவரெலியா, ஹற்றன், பண்டாரவளைப் பக்கத்து எம்எல்டிமாரிடம் (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) ஒரு உதவி.

வைரஸ் காய்ச்சல் மாதிரிகளை வெண்குழியங்களை மூன்றாகப் பிரித்து எண்ணும் 3 பிரிவு இரத்தக்குழிய எண்ணியில் ஓட்டினால் நடுத்தரக் குழியங்களின் வீதம் ஏறுகிறது. அதற்குக் காரணம் தெரிந்ததுதான். இயந்திரம் பார்ப்பது பருமனை மட்டும். டெங்குவிலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிலும் தூண்டப்பட்ட நிணநீர்க்குழியம் பருத்து, மொனோசைட் (பெரிய வெண்குழியம்) விழும் நடுத்தரப் பக்கம் போய்விடும். கண்ணாடித் தகட்டு இரத்தப் பூச்சில் ஆள் பிடிபடும்: செங்குழியம் முட்டும் இடத்தில் அமுங்கி அதைத் தழுவி நிற்கும், விளிம்பு கடும் நீலம்.

எங்களுக்கு உண்மையான சிக்கல் வேறு. எப்ஸ்டீன்-பார் தொற்றில் குளிர் அக்ளூட்டினின் (குளிரில் செங்குழியங்களை ஒட்டவைக்கும் பிறபொருளெதிரி) உருவானால் செங்குழியங்கள் குழாயிலேயே கொத்தாகும். கொத்தை இயந்திரம் ஒரே குழியமாக எண்ணும். செங்குழிய எண்ணிக்கை விழும், எம்சிவி (செங்குழியத்தின் சராசரிப் பருமன்) ஏறும், எம்சிஎச்சி 37ஐத் தாண்டும். ஈமோகுளோபின் மட்டும் சரி. டெங்குச் சந்தேகத்தில் இது ஆபத்து, இயந்திரம் கணித்துத் தரும் ஹீமற்றோகிறிட் (இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு) பொய்யாகக் குறைந்து பிளாஸ்மாக் கசிவை மறைத்துவிடும். மாதிரியை 37 பாகையில் 30 நிமிடம் வைத்து, மெல்லக் கவிழ்த்துக் கலந்து, ஆறவிடாமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

வெப்பம் மாறாத நீர்த்தொட்டி இல்லாத தேயிலைத் தோட்ட ஆய்வுகூடங்களில் அந்த 37 பாகையை எப்படிப் பிடிக்கிறீர்கள்? சுடுதண்ணீர்ப் போத்தல் வேண்டாம், கூடினால் குழியம் உடையும். செங்குழியத்தை உடைக்கும் லைஸ் கரைசல் குளிர்ந்தால் செங்குழியம் முழுதாக உடையாமல் வெண்குழிய எண்ணிக்கையும் ஏறுகிறதே, அதை இரவில் எங்கே வைக்கிறீர்கள்? இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏயில் சிறுதட்டு வீங்கி எம்பிவி (சிறுதட்டின் சராசரிப் பருமன்) ஏறுவதால், தோட்டத்திலிருந்து வரும் மாதிரியை எத்தனை மணிநேரம் வரை ஏற்கிறீர்கள்? உங்கள் இயந்திரம் எந்த மொடல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.