பேஸ் கிட்டார்: கரகரப்பு, இரைச்சல், விட்டுவிட்டு வரும் சத்தம். எதிலிருந்து தொடங்குவது?

நாலுகம்பி:
பழகுவதற்காக விலை மலிவான நாலு கம்பி பேஸ் ஒன்று வாங்கினேன். பேட்டரி கிடையாது, வால்யூம், டோன் என்று இரண்டே குமிழ். வால்யூமைத் திருகினால் சரளைக்கல் மேல் நடக்கிற மாதிரி கரகரக்கிறது. கேபிள் அசைந்தால் சத்தம் போய்ப் போய் வருகிறது. போதாததற்கு ஆம்ப்பில் ஓயாமல் ஒரு 'ம்ம்ம்'. கேபிளை மாற்றியும் பலன் இல்லை. கிட்டாரில் கேபிளைச் செருகுகிற ஜாக்கின் நட்டு லூசாக இருந்தது, இறுக்கினேன். அதற்கப்புறம் இன்னும் மோசம். உள்ளே இருப்பதை எல்லாம் மொத்தமாக மாற்றிவிடட்டுமா?

ஈயப்பொட்டு:
அவசரப்படாதீர்கள். இரைச்சல் வரும்போது கம்பிகளைத் தொட்டால் குறைகிறதா? கிட்டாரில் செருகிய பிளக்கின் உலோகத்தைத் தொட்டால்? தொடும்போது சுரீரென்று இழுத்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது ஆம்ப்பிலோ சுவர் எர்த்திலோ உள்ள கோளாறு, எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியது.

நாலுகம்பி:
ஷாக் எதுவும் இல்லை. கம்பியைத் தொட்டால் ஒரு மாற்றமும் இல்லை. பிளக்கைத் தொட்டால் சட்டென்று அடங்குகிறது.

ஈயப்பொட்டு:
பிடிபட்டது. பிரிட்ஜுக்கு, அதாவது கம்பிகள் வந்து முடிகிற உலோகப் பாகத்துக்குப் போகிற எர்த் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது. அறையில் இருக்கிற மின் இரைச்சலை நம் உடம்பே ஆன்டெனா மாதிரி வாங்கி, கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குகிற பிக்கப்புக்குக் கொடுக்கும். கம்பி வழியாக உடம்பு எர்த்தோடு சேர்ந்தால்தான் அது அடங்கும். கேபிளை ஆம்ப்பிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை பீப்பில் வையுங்கள், இணைப்பு இருந்தால் சத்தம் போடும். ஒரு முனை பிரிட்ஜில், இன்னொன்று கழற்றிய பிளக்கின் நுனியில் இல்லை, நீளமான பகுதியில். பீப் வராது என்றுதான் நினைக்கிறேன். கம்பிகளைத் தளர்த்திவிட்டு பிரிட்ஜைக் கழற்றிப் பாருங்கள். மலிவு கிட்டாரில் அந்த ஒயருக்கு ஈயமெல்லாம் வைத்திருக்க மாட்டார்கள், சும்மா அடியில் நசுக்கி விட்டிருப்பார்கள்.

ஜாக் மோசமானதற்குக் காரணம் நீங்கள் இறுக்கிய விதம். நட்டைத் திருகும்போது ஜாக்கும் கூடவே சுற்றும், பின்னால் ஒயர் முறுக்கிக்கொண்டு பிய்ந்துவிடும். தட்டைக் கழற்றி, ஜாக்கை உள்பக்கம் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். இதைச் சொல்லாமலே கிட்டாரை விற்கிறார்கள்!

பழைய ஆம்ப்:
வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற பாட்டையும் (பொட்டென்ஷியோமீட்டர்) தூக்கிப் போடுங்கள். 250 கே (கிலோ ஓம்) ஒன்று வாங்கி மாற்றினால் நிம்மதி.

ஈயப்பொட்டு:
அண்ணே, கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் தூக்கிப் போடலாம். எலக்ட்ரானிக்ஸ் காண்டாக்ட் கிளீனரை, பாட்டின் மூன்று கால்களுக்கு மேலே உள்ள இடுக்கில் ஒரே ஒரு பீய்ச்சு. குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவையாவது திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் வேண்டாம், பிசுக்குத் தங்கி தூசியைப் பிடிக்கும்.

நாலுகம்பி:
நேற்று இரவு உட்கார்ந்தேன். மீட்டர் வாயே திறக்கவில்லை. பிரிட்ஜைத் தூக்கினால், ஒயரின் நுனி துளைக்குள் இறங்கிப் போயிருந்தது. செம்பு அரை சென்டிமீட்டர்கூட வெளியே இல்லை. இழுத்து, ரப்பரை இரண்டு சென்டிமீட்டர் உரித்து, இழைகளை விசிறி மாதிரி விரித்து, மேலே பிரிட்ஜை வைத்து முடுக்கினேன். பீப்!

ஜாக்கில் கறுப்பு ஒயர் ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈயம் வைத்தேன். முதல் தடவை உருண்டையாக நின்று உதிர்ந்துவிட்டது. தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, முதலில் அதைச் சூடாக்கி, அப்புறம் ஈயத்தைக் காட்டியபோது தானாகப் பரவிப் பிடித்துக்கொண்டது. கரகரப்பு முக்கால்வாசி போய்விட்டது, கடைசிக் கோடியில் மட்டும் லேசாக இருக்கிறது.

இப்போது புதிதாக ஒன்று: தடித்த கம்பியை மீட்டினால் பிரிட்ஜ் பக்கம் 'கிர்ர்' என்கிறது.

பழைய ஆம்ப்:
கழற்றி மாட்டினீர்களே தம்பி, பிரிட்ஜில் கம்பி உட்காருகிற சேடிலின் உயரத் திருகு ஏதாவது தளர்ந்திருக்கும். கம்பியை மீட்டிக்கொண்டே ஒவ்வொரு திருகையும் விரலால் அழுத்துங்கள், எதைத் தொடும்போது நிற்கிறதோ அதுதான்.

நாலுகம்பி:
அதேதான் அண்ணே. அந்தச் சேடிலில் ஒரு திருகு காலை ஊன்றாமல் அந்தரத்தில் நின்றது. அரைச் சுற்று கொடுத்ததும் நின்றுவிட்டது.