ரிசல்ட் வந்த நாலு மாசத்துக்குள்ள

வெளிநாட்ல இருக்கிற நம்ம ஊரு அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். ஊர் நோம்பிக்கு, அதான் திருவிழாவுக்கு, வசூல் பேச்சு ஓடிட்டு இருக்கு, அதோட சேத்து இதையும் சொல்லிடறேன், ஏன்னா ஊருக்கு போன் போட்டா இப்பல்லாம் அம்மா மொதல்ல எடுக்கிறதே சும்மா இருக்கிற பசங்க கதையத்தான். பன்னெண்டு முடிச்சும் முடிக்காமலும், காலேஜும் இல்ல வேலையும் இல்ல, ஒரு தொழிலும் பழகல. குப்பனூர் ரோட்டுல சாயங்காலம் பாலத்துச் சுவர் மேல உக்காந்திருக்காங்களே, அவங்கதான். பாக்கு சீசன்ல கொஞ்ச நாள் வேலை, முகூர்த்த மாசத்துல கேட்டரிங், அப்புறம் மறுபடி அந்தச் சுவரு. சோம்பேறிங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு யாரும் எழுதாதீங்க, ஒவ்வொருத்தன்கிட்டயா பேசிப் பாத்தா வேற கதை வருது.

எங்க தெருப் பையன் ஒருத்தன், வெல்டிங்னா அவனுக்கு உசுரு, ஐடிஐ சேரணும்னு அவனே கேட்டான். டிசி இன்னும் ஸ்கூல்லயே கெடக்கு, யாரும் போய் வாங்கல. சாதிச் சான்றிதழ்ல அப்பா பேரு ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி. ஆன்லைன்ல போட்டா ஓடிபி அவங்க அப்பாவோட பழைய நம்பருக்குப் போகுது, அந்த சிம்மு செத்து ரொம்ப நாளாச்சு. கூட ஒரு ஆள் நின்னிருந்தா முடிஞ்சிருக்கும், யாரும் நிக்கல, அட்மிஷன் முடிஞ்சிருச்சு, அடுத்த வருஷம்னு விட்டுட்டான்.

நம்ம எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல உதவித்தொகை இருக்கு, பத்தாவது பெயிலுக்கு மாசம் 200, பாஸுக்கு 300, பன்னெண்டுக்கு 400, டிகிரிக்கு 600. ஆனா அது கெடைக்க பதிஞ்சுட்டு 5 வருஷம் காத்திருக்கணும். நான் இருக்கிற அயர்லாந்தும் சேத்து யூரோப் நாடுங்க 2013ல என்ன ஒத்துக்கிட்டாங்கன்னா, படிப்பு நின்னு போனாலோ வேலை போனாலோ, 25 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு நாலு மாசத்துக்குள்ள ஒரு வேலையோ, படிக்கவோ தொழில் பழகவோ ஒரு இடமோ காட்டணும்னு. 2020ல அத 30 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்குன்னு நீட்டினாங்க. இங்கயும் எல்லாருக்கும் சரியா நடந்துடுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த நாலு மாசக் கெடு ரொம்ப சரின்னு தோணுது. ஒரு வருஷம் வீட்ல உக்காந்துட்டா காலைல எந்திரிக்கிற பழக்கமே போயிடுது, அப்புறம் நல்ல எடம் வந்தாலும் போகப் பயப்படறாங்க.

நமக்கு கணக்கு சுலபம். மே மாசம் ரிசல்ட், செப்டம்பருக்குள்ள ஒரு பையன் ஒரு பொண்ணு விடாம ஒரு எடத்துல இருக்கணும். எடம் இல்லாம இல்லைங்க. சேலத்துல அய்யந்திருமாளிகை ரோட்டுல கவர்மெண்ட் ஐடிஐ இருக்கு, பயிற்சிக்கு பீஸ் கெடையாது, மாசம் 750 உதவித்தொகை தர்றாங்க, வெல்டர் ஒரு வருஷம், பிட்டர் எலக்ட்ரீசியன் ரெண்டு வருஷம், எட்டாவது படிச்சவங்களுக்கும் சில டிரேட் இருக்கு. கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பசங்க ஐடிஐ போனாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 வரும், பொண்ணுங்களுக்கு அதே மாதிரி புதுமைப் பெண் திட்டம். இதுபோக, 30 பேர் வேலை செய்ற எந்த கம்பெனியும் அப்ரண்டிஸ், அதாவது அங்கயே வேலை பழகறவங்கள, எடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு. சேலம், ஓசூர், கோயமுத்தூர்ல கம்பெனி ஹெச்ஆர் யாரையாவது தெரிஞ்சவங்க நேரா கேட்டா நடக்கும்.

பொண்ணுங்கள யாரும் இந்தக் கணக்குல சேக்கறதே இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. சுவர் மேல உக்காந்தா கண்ணுக்குத் தெரியும், வீட்டுக்குள்ள கொலுசுக்கு சலங்கை கோத்துக்கிட்டு, தம்பிக்கு சோறு கட்டிக்கிட்டு இருந்தா, "வரன் பாத்துட்டு இருக்கோம்"னு ஒரே வார்த்தைல முடிஞ்சு போகுது. நாட்டுல படிப்பும் வேலையும் இல்லாம இருக்கிற இளவயசுக்காரங்கள்ல பாதிக்கு மேல பொண்ணுங்கதான். கேட்டா பஸ்ஸ சொல்றாங்க, சாயங்காலம் இருட்டறதுக்குள்ள திரும்ப முடியாதுன்னா அம்மா அப்பா எப்படி அனுப்புவாங்க.

அதனால நோம்பிப் பணத்துல ஒரு பங்கு இதுக்கு ஒதுக்கலாமான்னு கேக்கறேன். கையில காசா குடுக்க வேணாம். ஊர்லயே ஒரு ஆளுக்கு, நம்ம ஊர்ல படிச்ச ஒரு பொண்ணா இருந்தா நல்லது, ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் சம்பளம் குடுத்து வீடு வீடா போகச் சொல்லலாம், டிசி வாங்க, பேரு திருத்த, நம்பர் மாத்த, கூடவே அலைய. மிச்சம் பஸ் காசுக்கும் ஷூவுக்கும். வெளிநாட்ல இருக்கிற நாம ஆளுக்கு ஒரு புள்ளைய எடுத்துக்கிட்டு வாரம் ஒரு தடவை போன்ல பேசணும், சேந்த பிறகும் பேசணும், ஏன்னா மொத ரெண்டு மாசத்துலதான் நின்னுடறாங்க. வெல்டிங் பையன நான் எடுத்துக்கறேன். அக்காமார் யாராவது பொண்ணுங்களோட அம்மாக்கள்கிட்ட பேச முடியும்னா இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள எனக்கு எழுதுங்க.