தோஹா – ஆக்லாந்து: போவதற்கு 16 மணி நேரம், திரும்புவதற்கு ஏன் 17½?

நீலவானம்: தோஹாவுக்கும் ஆக்லாந்துக்கும் இடையே ஏறத்தாழ 14,500 கி.மீ. எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் தூரம் ஒன்றுதான். ஆனால் அட்டவணையில் போவதற்குச் சுமார் 16 மணி நேரம், திரும்புவதற்கு 17½. இணையக் கணிப்பானோ இரண்டுக்கும் ஒரே விடை சொல்கிறது. பூமி சுழல்வதால் வரும் வித்தியாசமா இது?

கணக்குப்பிள்ளை: கணிப்பானை நம்ப வேண்டாம். உலக உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியை அளந்து, ஏதோ ஒரு நிலையான வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

பழைய டிஸ்பாட்சர்: பூமி சுழற்சிக் கணக்குப்படி பார்த்தால், கிழக்கே போகும் விமானத்துக்கு இலக்கு விலகிக்கொண்டே போகும், அதுதான் தாமதமாக வேண்டும். நடப்பது நேர்மாறாக. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்தக் கணக்கு எடுபடாது.

வித்தியாசம் மேலே வீசும் ஜெட் காற்றால் வருகிறது. விமானம் பறக்கும் உயரத்தில், 10 கி.மீ.க்குச் சற்று முன்பின்னாக, மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றோட்டம் அது. குளிர்காலத்தில் இன்னும் உக்கிரம். (மேற்கிலிருந்தே வீசுவதற்குப் பூமியின் சுழற்சி காரணம் என்பது வேறு கதை.) விமானப் பயணத்தைத் திட்டமிடும் டிஸ்பாட்சர்களாகிய நாங்கள் தயாரிக்கும் பயணத் திட்டத்தாளில், வழியிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கு நேரேயும் காற்று இருக்கும். 270/120 என்றால் 270 பாகைத் திசையான மேற்கிலிருந்து 120 நாட், அதாவது மணிக்கு 222 கி.மீ. தாளை வாங்கியதும் பல விமானிகளின் விரல் முதலில் ஓடுவது அந்தப் பத்திக்குத்தான்.

வழி முழுக்க அப்படி வீசாது. சராசரியாக மணிக்கு 40 கி.மீ. என்று வையுங்கள். விமானத்தின் சொந்த வேகம் 900. பின்காற்றில் 940, எதிர்காற்றில் 860. 14,500ஐ வகுத்துப் பாருங்கள்: 15.4 மணி, 16.9 மணி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், ஏறி இறங்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் உங்கள் அட்டவணை அப்படியே வந்துவிடும். 40 கி.மீ. அற்பமாகத் தோன்றும், நாள் முழுக்கப் பறக்கும்போது ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது.

2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 விமானம், புயல் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. எதிர்த்திசையில் எட்டு மணி நேரம் என்று போடுவது வழக்கம்.

வடதிசை: காற்று மட்டுமா? ஹெல்சின்கி – டோக்கியோ முன்பு ஒன்பது மணி நேரச் சொச்சம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் 13 ஆகிவிட்டது. ஊர்கள் நகரவில்லை, கணிப்பானின் கி.மீ.யும் மாறவில்லை.

நீலவானம்: நன்றி. அப்படியானால் இணைப்பு விமானத்துக்கு எந்த நேரத்தை வைத்துக்கொள்வது?

பழைய டிஸ்பாட்சர்: அட்டவணையிலுள்ள நேரத்தை. அது ஒரு நிலையத்தில் வாயிலைவிட்டு நகர்வது முதல் மறு நிலையத்தில் வாயிலை அடைவது வரை. அந்தப் பருவத்தின் காற்றும் அதில் அடக்கம். டிக்கெட்டிலுள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம் என்பதால் நேரடியாகக் கழிக்காதீர்கள். ஆக்லாந்து தோஹாவைவிட 9 மணி நேரம் முன்னால். அவர்களுடைய கோடைகாலத்தில் 10.