புதுப்பிப்பு: மழை வெள்ளத்தில் அம்மாவைக் கூட்டிப்போக வண்டி

சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவை வெள்ளம் வந்தால் வியாசர்பாடியிலிருந்து எதில் ஏற்றிப் போவது என்று முன்பு கேட்டிருந்தேன். ஒருவழியாக ஏற்பாடு ஆகிவிட்டது.

பலரும் குட்டி யானையில் (டாடா ஏஸ் சரக்கு வண்டி) பலகை போட்டு ஏற்றச் சொன்னீர்கள். சக்கர நாற்காலி ஏறும் சரிவு 12-க்கு 1 என்ற அளவில், அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாக இருக்க வேண்டும். வண்டித் தளம் இடுப்பளவு உயரம். அந்தக் கணக்கில் பலகை போட்டால் எங்கள் சந்து போதாது! அதனால் பக்கத்துத் தெரு அண்ணனின் மாருதி ஆம்னி வேனைப் பேசி வைத்திருக்கிறேன். கதவு பக்கவாட்டில் நகர்வதால் அம்மாவை நாற்காலியிலிருந்து நேராக இருக்கைக்கு மாற்றலாம். மடக்கு நாற்காலி பின்னால் போய்விடும். பேட்டரி நாற்காலி மாடிக்கு.

ஆனால் தண்ணீர் ஏறிவிட்டால் ஆம்னி நகராது. ஆகவே சிவப்பு எச்சரிக்கை வந்ததுமே கிளம்பிவிடுவோம். மழையில் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பவே போவதில்லை.

அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதைச் சுட்டிக்காட்டி மனு கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மாநகராட்சியின் உதவி எண் 1913-ஐ அம்மாவின் போனிலும் சேமித்தாயிற்று.