புதுப்பிப்பு: பாம்புக் கூண்டில் கழுவியும் போகாத நாற்றம்

மரக்கூண்டை முழுக்கக் கழுவியும் அம்மோனியா வாடை திரும்பத் திரும்ப வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம், தரைப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடுக்கு. கழிவுநீர் அதில் இறங்கி மரத்தில் ஊறிவிட்டால் மேலே எதைத் தெளித்தாலும் பயனில்லை. ஊறிக் கறுத்த பலகையை மாற்றுவதே மேல். மற்றதை நன்றாகக் காயவிட்டு, பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காத மீன்தொட்டி சிலிக்கான் பசையால் இடுக்கை அடைத்துவிடுங்கள். பசையின் புளித்த வாடை அடியோடு போகும்வரை பாம்பு வேறு பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

காய்ந்த யூரேட்டை, அதாவது பாம்பின் சிறுநீர்க் கழிவான சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கட்டியைச் சுரண்டாதீர்கள், பூச்சில் கீறல் விழும். வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு வைத்தால் இளகிவிடும். அழுக்கெல்லாம் போன பிறகே ப்ளீச்: 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர், 10 நிமிடம், பிறகு வாடை போகக் கழுவிக் காயவிடுங்கள். கழிவின் மீதே ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். பினாயில் கூடவே கூடாது.

கண்ணாடிக் கதவின் தடத்தில் சிக்கும், கூண்டின் தரையில் பரப்பிய தேங்காய்நார்த் தூள்தான் இன்னும் தீராத தொல்லை. ஈரத்தோடு துடைத்தால் சேறாகிவிடும். காயவிட்டு, பழைய பல் பிரஷால் மூலைக்குத் தள்ளி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள்.