ஐசியூவில் இருப்பவள் எங்கே ஓடுவது?

நைட் டியூட்டி (கேள்வி):
ஐசியூவில் 11 வருஷமாக நர்ஸ். ஆயுதத்தோடு யாராவது உள்ளே வந்தால் என்ன செய்வது என்று போன வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். ஓடு, ஒளிந்துகொள், வேறு வழியே இல்லையென்றால் எதிர்த்து நில். ஆபீஸ்காரர்களுக்குச் சரி. என்னிடம் 6 கட்டில், 4 பேர் வென்டிலேட்டரில். "நான் ஓடினால் இவர்கள்?" என்று கேட்டேன். "முதலில் உங்கள் உயிர், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடைத் தட்டிவிட்டார். நீங்களெல்லாம் என்ன செய்வீர்கள்?

பழைய தியேட்டர் சிஸ்டர்:
வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் மட்டும் எங்கே ஓட? 2018ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் டாக்டர்களே இதை எழுதினார்கள். நோயாளியை நகர்த்த முடியாத இடங்களில் முதல் வேலை கதவை அடைப்பது, அடுத்தது நோயாளி உயிரையும் நம் உயிரையும் காப்பது, எதிர்ப்பது கடைசியில்தான். 2008 மும்பைத் தாக்குதலில் காமா மருத்துவமனை நர்ஸ் அஞ்சலி குல்தே 20 கர்ப்பிணிகளை ஒரு சின்ன அறைக்குள் சேர்த்துக் கதவைச் சாத்தினாரே, அதுவும் இதேதான். அவருக்கு ஸ்லைடு போட்டுக் காட்ட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? உள்பக்கம் என்றால் காலிக் கட்டிலைக் குறுக்கே தள்ளி பிரேக் போடலாம். வெளிப்பக்கம் என்றால் அது வீண் வேலை.

மெயின்டனன்ஸ் ஆள்:
பதற்றத்தில் யாரும் ஃபயர் அலாரத்தை அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீயில் ஆள் மாட்டக்கூடாது என்பதற்காக, காந்தப் பூட்டுகள் பல இடங்களில் அலாரம் அடித்ததும் தானாக விட்டுவிடும். நீங்கள் அடைத்த கதவை நீங்களே திறந்துவிட்ட மாதிரி ஆகும். போதாததற்கு மற்ற வார்டுக்காரர்கள் எல்லாரும் காரிடாரில் நிற்பார்கள்.

கேஷுவால்டி:
எங்கள் இடத்தில் இதற்கு 'கோட் சில்வர்' என்று பெயர். ஒத்திகையன்று பாதிப் பேர், வயதான நோயாளி யாரோ காணோம் என்று நினைத்து மாடிப்படியில் தேடிக்கொண்டிருந்தார்கள்! இப்போது "இரண்டாம் மாடியில் ஆயுதத்தோடு ஆள்" என்றே மைக்கில் சொல்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பொம்மைத் துப்பாக்கியோடு ஒத்திகை நடத்தினால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஜூனியர் பெண் ஒருத்தி அதற்கப்புறம் நைட் போடவே பயந்தாள். இன்னொன்று, போலீஸ் உள்ளே வரும்போது கையில் கத்தரிக்கோல்கூட இருக்கக்கூடாது. அவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது.

நைட் டியூட்டி:
நேற்று ராத்திரி 2 மணிக்கு, வார்டு அடங்கியதும் போய்ப் பார்த்தேன். உள்பக்கம் திறக்கும் கதவுதான், சந்தோஷப்பட்டேன். காலிக் கட்டிலை நானும் அட்டெண்டரும் தள்ளி, திருப்பி, பிரேக் போட 40 நொடி. ஆக்சிஜன் சிலிண்டர் ஸ்டாண்டு வழியில் நிற்கிறது, அதை எடுத்தால் இன்னும் குறையும். கதவில் பூட்டும் இருக்கிறது. சாவி கேட்டேன். கீழே செக்யூரிட்டி மேசை டிராயரில் இருக்கிறதாம்.