கொடை விழாவில் படம் எடுக்க எந்த ஷட்டர்?

பாளை ஸ்டுடியோ:
சுடலைமாடன் கோவில் கொடையில் படம் எடுக்கும் தம்பிமார் தயவுசெய்து கேமராவை சைலன்ட் ஷட்டரில், அதாவது திரை அசையாமல் சென்சாரே (ஒளியைப் படமாக்கும் சில்லு) வரி வரியாகப் படம் பிடிக்கும் முறையில், போடுங்கள். வில்லுப்பாட்டில் புலவர் குரலைத் தாழ்த்திக் கதை சொல்லும் நேரத்தில் பக்கத்திலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் ஒலிப்பதிவு பாழ். கேட்கிற சனத்துக்கும் இடைஞ்சல். திரை ஓடித் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு ஆயுள் கணக்கும் உண்டு. பல மாடல்களில் ஒன்றிரண்டு லட்சம் கிளிக்தான்.

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சி, சத்தம் போகும், சரி. வில்லின் நாணில் விழுகிற வீசுகோல் படத்தில் வளைந்து தெரியுமே? மகுடம் என்கிற பறை அடிக்கிற கையும் அப்படித்தான் கோணிப்போகும்.

பாளை ஸ்டுடியோ:
ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி வைத்தால் எது வளையும்?

தாமிரபரணிக்கரை:
அப்போதும் வளையும். 1/2000 என்பது ஒவ்வொரு வரியும் ஒளி வாங்கும் நேரம் மட்டுமே. சென்சாரின் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியைப் படித்து முடிக்கப் பல கேமராக்களுக்கு 1/30 நொடி வரை ஆகிறது. அதற்குள் கோல் இடம் மாறிவிடும். மெக்கானிக்கலிலும் கடை ஷட்டர் இறங்குவது போல ஒரு திரை ஓட, பின்னாலேயே இன்னொன்று ஓடுகிறது. ஆனால் அந்த ஓட்டம் ஏறக்குறைய 1/250 நொடியில் முடிந்துவிடுவதால் வளைவு கண்ணுக்குப் படாது. அப்புறம், ராத்திரிக் கொடையில் 1/2000 வைத்தால் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்வு அளவு எங்கே போய் நிற்கும்?

கொக்கிரகுளத்தான்:
லைட்டையும் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுங்கும். சைலன்ட் ஷட்டரில் அது படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். சீரியல் லைட் வேறு கணக்கில் மினுங்கும், ஜெனரேட்டரில் ஓடினால் 50 ஹெர்ட்ஸும் நிலையாக நிற்காது. அங்கே முன்கூட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது.

பாளை ஸ்டுடியோ:
இதெல்லாம் சென்சார் மெதுவாகப் படிப்பதால் வரும் தொல்லை. 2021-ல் வந்த நிக்கான் இசட்9-ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. 2023-ல் அறிவித்த சோனி ஏ9 3 எல்லா வரியையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. காலம் அந்தப் பக்கம்தான் போகிறது, தம்பி.

தாமிரபரணிக்கரை:
போகட்டும் அண்ணாச்சி. அந்த விலைக்கு ஊர்ப்பக்கம் எத்தனை பேர் வாங்குவார்கள்? கையில் பழைய மாடல் வைத்திருக்கிற பையன் புலவர் முகத்தை சைலன்ட்டில் எடுக்கட்டும். மகுடமும் வீசுகோலும் முழங்கும்போது ஷட்டர் சத்தம் யார் காதிலும் விழாது. அப்போது மெக்கானிக்கலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.